பழைய டிராக்டர்

உழவு மாடு வாங்கச் சந்தைக்குச் செல்லும் உழவர் அதன் நிறத்தையும் கொம்பையும் மட்டும் கண்டு விலை பேசிவிடுவதில்லை. வாயைத் திறந்து பல்லை எண்ணுவார், சுழி பார்ப்பார், நாலடி நடக்கவிட்டுக் கால் ஊன்றும் முறையை நோக்குவார், இயன்றால் ஏர் பூட்டியும் பார்ப்பார். தலைமுறை தலைமுறையாக வந்த அறிவு அது. அவ்வறிவுடைய உழவரே பழைய டிராக்டர் ஒன்றை விலைக்கு வாங்கும்பொழுது, புதிதாகப் பூசிய சிவப்பு வண்ணத்தையும் எஞ்சின் எழுப்பும் ஓசையையும் கண்டு மயங்கிவிடுவதுண்டு. பொறிக்கும் பல் உண்டு, சுழி உண்டு, நடை உண்டு. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை அதன் முகத்தில் இல்லை, முதுகுப்புறத்தில் உள்ளன.

செங்கற்பட்டுப் பகுதி ஏரிகளால் வாழும் நாடு. காஞ்சிபுரம் மாவட்டத்தினின்று பிரிந்து 2019-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29-ஆம் நாள் தனி மாவட்டமாகிய இந்நிலத்தில், செங்கற்பட்டு நகரை ஒட்டிய கொளவாய் ஏரி, மதுராந்தகம் பெரிய ஏரி முதலாக ஊர்தோறும் ஏரியோ தாங்கலோ காணப்படும். ஏரிப் பாய்ச்சல் உள்ள வயல்களில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்னும் பட்டங்களில் நெல் விளைகிறது. ஏரிநீர் எட்டாத மேட்டு நிலங்கள் பல செம்மண் நிலங்கள். அவற்றில் வேர்க்கடலை விளைவிப்பர். கிழக்கே பக்கிங்காம் கால்வாயைக் கடந்தால், கோவளம் தொடங்கி மாமல்லபுரம் வழியாகத் தெற்கே நீளும் கடற்கரை மணல். அங்கே சவுக்குத் தோப்புகள் உள்ளன. உள்ளடங்கிய மணற்பாங்கான இடங்களில் தர்ப்பூசணி பயிராகிறது. ஒரே மாவட்டத்தில் களிச்சேறு, செம்மண், கடல்மணல் என மூவகை நிலம் இருத்தலின், இங்கு ஓடும் டிராக்டர் மூவகை நடையும் பழகியதாக இருத்தல் வேண்டும்.

நிலத்தின் அளவோ சிறிது. 2015-16-ஆம் ஆண்டின் வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஒருவர் உழும் நிலம் சராசரியாக 0.75 ஹெக்டேர், ஏறத்தாழ ஓர் ஏக்கர் எண்பத்தைந்து சென்ட். இவ்வளவு நிலத்திற்காகப் பல லட்சம் ரூபாய் கடன்பட்டுப் புது டிராக்டர் வாங்குவது பலருக்கு இயலாது. வேளாண்மைப் பொறியியல் துறை மணிக்கணக்கில் டிராக்டர்களை வாடகைக்கு விடுகிறது. ஊரிலும் வாடகை டிராக்டர்கள் உண்டு. ஆயினும் ஏரி நிரம்பிய மறுநாள் ஊரார் அனைவருக்கும் ஒரே வேளையில் டிராக்டர் தேவைப்படும். காத்திருந்தால் நாற்று முற்றிவிடும். அதனால் உறவினர் இருவர் மூவர் ஒன்றுகூடியோ, பக்கத்து நிலங்களை உழுது கூலி பெறலாம் என்று கருதித் தனியாகவோ, முப்பது நாற்பது ஆண்டு உழைத்த சிறிய டிராக்டர் ஒன்றை வாங்கும் வழக்கம் தோன்றியது. ஒரு மாடு வாங்கித் தவறினால் ஒரு பட்டத்துப் பணம் போகும். டிராக்டர் வாங்கித் தவறினால் நிலமே அடமானத்திற்குப் போகக்கூடும்.

சிறிய டிராக்டர் என்பது ஒரு நாளில் பிறந்ததன்று. தொடக்க காலத்து டிராக்டர்கள் யானை போன்ற உருவமும் எடையும் உடையவை. சக்கரம் வழுக்காமல் மண்ணைப் பற்றுவதற்கு எடை வேண்டும் என்பதே அக்காலத்துப் பொறியாளர் கொள்கை. கலப்பையைச் சங்கிலியாலோ கம்பியாலோ பின்னால் கட்டி, மாடு ஏரை இழுப்பது போலவே அவை இழுத்தன. கலப்பை பாறையிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால் பெருந்தீங்கு விளைந்தது. கலப்பை அசையாது நிற்க, எஞ்சினோ சுழற்றுவதை நிறுத்தாது. அப்பொழுது பின்சக்கரங்கள் சுழல இயலாமையால் டிராக்டரின் உடலே பின்னச்சைச் சுற்றி மேலெழும். முன்சக்கரங்கள் வானத்தை நோக்க, வண்டி பின்பக்கமாகக் கவிழ்ந்து ஓட்டுபவரின் மேல் விழும். இவ்வாறு உயிர் துறந்தோர் பலர்.

இத்தீங்கை நீக்க முனைந்தவர் அயர்லாந்து நாட்டினராகிய ஹாரி பெர்குசன். 1884-இல் உழவர் குடியில் பிறந்த இவர், தாமே விமானம் ஒன்றை அமைத்து 1909-ஆம் ஆண்டின் கடைசி நாளில் பறந்து, அயர்லாந்தில் முதன்முதல் விமானம் ஓட்டியவர் என்னும் பெயர் பெற்றார். முதல் உலகப் போரின்போது உணவுத் தட்டுப்பாடு வந்தது; டிராக்டர் உழவை மேம்படுத்தும் பணி 1917-இல் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஊர் ஊராகச் சென்று உழவைக் கண்ட பெர்குசன், டிராக்டரும் கலப்பையும் தனித்தனியாக இருப்பதே குறை எனக் கண்டார். இரண்டையும் ஒருடலாக்க வேண்டும் என்று துணிந்து பல ஆண்டுகள் உழைத்தார். அவ்வுழைப்பின் பயனே மும்முனை இணைப்பு.

அவ்விணைப்பை எந்த டிராக்டரின் பின்னாலும் இன்று காணலாம். கீழே இரண்டு கைகள் உள்ளன. மேலே நடுவில் ஒரு தண்டு உள்ளது. கலப்பை இம்மூன்று முனைகளிலும் மாட்டப்படும். கீழ்க்கைகள் கலப்பையை இழுக்கின்றன. மண்ணோ கலப்பையின் கொழுவைப் பின்னோக்கித் தடுக்கிறது. அதனால் கலப்பையின் மேற்பகுதி முன்னோக்கிச் சாய முயன்று மேல் தண்டை டிராக்டரை நோக்கித் தள்ளுகிறது. பின்னச்சுக்கு மேலே கிடைக்கும் இத்தள்ளு, டிராக்டரின் முன்பகுதியைக் கீழே அழுத்தி வைக்கிறது. முன்னர் வண்டியைக் கவிழ்த்த அதே ஆற்றல், இப்பொழுது அதனைக் கவிழாமல் காக்கிறது.

இதனினும் நுட்பமான ஒன்று உண்டு. மாட்டு ஏர் ஓட்டும் உழவரின் கை எப்பொழுதும் மேழியின்மீது இருக்கும். மண் இளகினால் மேழியை அழுத்துவார். மண் இறுகி மாடு திணறினால் சற்றே தளர்த்துவார். இதனை அவர் எண்ணிச் செய்வதில்லை. கையே அறிந்து செய்யும். பெர்குசன் அந்தக் கையை இரும்பில் அமைத்தார். மேல் தண்டின் அடியில் வலிய சுருள்வில் ஒன்று உள்ளது. மண் இறுகினால் தண்டு வில்லை மிகுதியாக அழுத்தும். வில் ஒரு நெம்புகோல் வழியே எண்ணெய் வால்வை அசைக்கும். ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தம் கலப்பையைச் சிறிதே தூக்கும். தூக்கிய அளவுக்குக் கலப்பையின் எடை பின்சக்கரங்களின்மேல் ஏறும். எனவே, பிடிப்பு மிகுதியாக வேண்டிய அந்த நொடியிலேயே சக்கரத்திற்குப் பிடிப்புக் கிடைக்கிறது. வண்டியின் எடையைப் பெருக்க வேண்டிய தேவை இல்லாமற் போயிற்று. சிறிய டிராக்டர் பிறந்தது இவ்வாறே.

1936-இல் இம்முறை அமைந்த டிராக்டர் விற்பனைக்கு வந்தது. பின்னர் அமெரிக்காவின் ஹென்றி போர்டுடன் எழுத்து மூலமான ஒப்பந்தம் ஏதுமின்றிக் கைகுலுக்கி ஏற்பட்ட கூட்டுறவால் 1939-இல் வேறொரு டிராக்டர் வெளிவந்தது. அக்கூட்டுறவு வழக்கில் முடிந்தது தனிக்கதை. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் உருவான டி.இ.20 என்னும் சாம்பல்நிறச் சிறு டிராக்டரே பெர்குசனின் புகழை நிலைநாட்டியது. ஏறத்தாழ ஒரு டன் எடையே உடைய அவ்வண்டி ஐந்து லட்சத்திற்கு மேல் விற்றது. எவரெஸ்ட் சிகரத்தை டென்சிங்குடன் எட்டிய எட்மண்டு ஹிலாரி, 1958-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 4-ஆம் நாள் தென்துருவத்தை அடைந்தது இத்தகைய டிராக்டர்களை ஓட்டிக்கொண்டுதான். பனிக்கு ஏற்பச் சக்கரங்களின்மேல் பட்டைகள் பூட்டப்பட்டிருந்தன. மற்றபடி அவை உழவுக்கென்று செய்த வண்டிகளே.

பெர்குசனின் நிறுவனம் மாசி ஹாரிஸ் என்னும் நிறுவனத்துடன் 1953-இல் இணைந்தது. அதுவே பின்னர் மாசி பெர்குசன் ஆயிற்று. 1960-இல் பெர்குசன் மறைந்தார். அதே ஆண்டில் சென்னையில் டாஃபே நிறுவனம் தோன்றி, மாசி பெர்குசன் கூட்டுறவுடன் செம்பியத்தில் டிராக்டர்களை உருவாக்கத் தொடங்கியது. 1951-இல் இந்தியா முழுவதிலும் ஏறத்தாழ 8,500 டிராக்டர்களே இருந்தன, அவையும் அயல்நாட்டவை. உதிரிப் பொருள் ஒன்று உடைந்தால் கப்பல் வரக் காத்திருக்கவேண்டிய நிலை அது. டிராக்டர்கள் இந்நாட்டிலேயே உருவானபின் அந்நிலை மாறியது. செங்கற்பட்டுப் பகுதியிலேயே, கேளம்பாக்கத்தை அடுத்த கீழக்கோட்டையூரில், 1964-இல் டாஃபே நிறுவனம் ஒரு பண்ணையை ஏற்படுத்தி, இந்நிலத்துக்கேற்ற உழவு முறைகளை ஆய்ந்து வருகிறது. முப்பத்தைந்து குதிரைத்திறன் உடைய 1035 என்னும் வகை தமிழ்நாட்டு உழவர்க்கு நன்கு பழகியது. இன்று பழைய சிறு டிராக்டர் தேடுவோர் பலர் இவ்வகையையே நாடுவதற்கு அதன் அழகு காரணமன்று. வடிகட்டி, எண்ணெய்ச் சீல், கிளட்ச் தட்டு ஆகியவை அருகிலுள்ள நகரங்களிலேயே கிடைக்கும்; அவ்வண்டியைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைவினைஞரும் உள்ளனர். உதிரிப் பொருள் கிடைக்காத அரிய வண்டி எவ்வளவு மலிவாயினும் உழவருக்கு உதவாது. காட்சிக்கு வைப்போர்க்கே அது தகும்.

இனி, வாங்கும் முறை.

முன்னரே சொல்லிவிட்டுச் செல்லுதல் கூடாது. சொல்லிச் சென்றால் எஞ்சினை முன்பே ஓட்டிச் சூடேற்றி வைத்திருப்பர். சூடான எஞ்சின் எந்தக் குறையையும் மறைக்கும். சென்றவுடன் எஞ்சின்மீது கை வைத்துப் பார்த்து, குளிர்ந்திருந்தால் மட்டுமே மேலே செல்லவேண்டும். பின்பு, எண்ணெய் அளக்கும் கம்பியை உருவி நோக்குதல் நன்று. எண்ணெய் கறுத்திருப்பது குற்றமன்று. டீசல் எஞ்சினுக்கு அது இயல்பு. மோர் போல வெளுத்திருந்தால் எண்ணெயில் நீர் கலந்துள்ளது என்பது தெளிவு. அவ்வண்டியை விட்டு விலகுவதே அறிவுடைமை.

எஞ்சினை முடுக்கியபின் புகையை நோக்கவேண்டும். காலைக் குளிரில் தொடக்கத்தில் எழும் வெண்புகை சில நிமிடங்களில் மறைந்தால் கவலையில்லை. மறையாது நின்றால் எஞ்சினில் அழுத்தம் குறைந்துவிட்டது, அல்லது நீர் உட்புகுகிறது. பாரம் ஏற்றும்பொழுது கரும்புகை மிகுந்தால், காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம். டீசல் தெளிக்கும் குழல் கெட்டிருக்கலாம். இவை சிறு செலவில் தீரும். நீலப்புகையே அஞ்சத்தக்கது. எஞ்சின் எண்ணெய் எரிகிறது என்பதற்கு அது சான்று. அத்துடன் எஞ்சினின் மூச்சுக்குழாய் வழியாக ஊதுலை போலக் காற்று வெளிப்பட்டால், பிஸ்டனும் வளையங்களும் தேய்ந்துவிட்டன. அவற்றை மாற்ற ஆகும் செலவை விலையிலிருந்து கழித்தே பேசவேண்டும்.

டயரும் ஸ்டியரிங்கும் கண்ணுக்கே புலப்படும். அவற்றில் ஏமாறுவோர் சிலரே. பின்டயர் இரண்டின் விலை பெரிது என்பதை மட்டும் மறவாதிருத்தல் போதும்.

ஏமாற்றம் நிகழும் இடம் பின்புறமே. பெர்குசன் பல ஆண்டு உழைத்து அமைத்த உறுப்புகள் அங்குள்ளன. வாங்குவோரோ எஞ்சினைக் கேட்டுவிட்டு வண்டியை ஒருமுறை ஓட்டிப் பார்த்துத் தலையசைத்துவிடுகின்றனர். ஏர் பூட்டாமல் மாடு வாங்குவது போன்றது அது. விற்பவரிடம் ஒன்பது கொழுக் கலப்பையைப் பின்னால் மாட்டச் சொல்லவேண்டும். எஞ்சின் மெதுவாக ஓடும்பொழுதே கலப்பை தடையின்றி மேலெழ வேண்டும்; நடுங்கியோ விட்டுவிட்டோ எழுந்தால் எண்ணெய்ப் பம்பு தேய்ந்துள்ளது. முழு உயரத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு ஒதுங்கி நின்று பார்க்கவேண்டும். பழைய வண்டியில் கலப்பை நெடுநேரத்தில் சிறிது சிறிதாக இறங்குவது இயல்பு. அணைத்த உடனே தொப்பென்று விழுந்தால் ஹைட்ராலிக் உருளையும் சீலும் பழுதுற்றவை. அடுத்து, மேல் தண்டு மாட்டும் இடத்தைக் கையால் பற்றி முன்னும் பின்னும் அசைத்தல் வேண்டும். அது ஆடினால், மேழிப் பிடித்த கையின் உணர்ச்சி மரத்துப்போயிற்று என்பது பொருள். வண்டி ஓடும், உழவும் நடக்கும், ஆனால் ஓரிடத்தில் ஆழமாகவும் ஓரிடத்தில் மேலாகவும் மண் கிளறப்படும். சரிசெய்யக் கூடிய குறைதான். ஆயினும் அதனை அறிந்து வாங்குதலே முறை.

ஸ்டார்ட்டரும் அவ்வாறே நோக்கத்தக்கது. பழைய பெர்குசன் வண்டியில் கியர்க் கோலையே ஒரு தனியிடத்திற்குத் தள்ளினால்தான் எஞ்சின் புறப்படும். ஆதலால் கியரில் உள்ள வண்டி திடீரெனப் பாய வழியில்லை. பின்வந்த வண்டிகளிலும் இதற்கெனப் பாதுகாப்புச் சுவிட்சு வைக்கப்பட்டது. அச்சுவிட்சு கெட்டபின் மாற்றாமல், வண்டியின் பக்கத்தில் நின்றபடி திருப்புளியால் ஸ்டார்ட்டரின் முனைகளை இணைத்து முடுக்குவோர் உளர். கியர் விழுந்திருந்தால், முடுக்கியவரின் மேலேயே பின்சக்கரம் ஏறும். திருப்புளி கொண்டு முடுக்கிக் காட்டும் வண்டியை, அச்சுவிட்சைப் பொருத்தித் தந்தாலன்றி வாங்கலாகாது. அதன் விலை அற்பம்.

பொறியைப் பார்த்தபின் தாளைப் பார்க்கவேண்டும். ஆர்.சி. புத்தகத்திலுள்ள எஞ்சின் எண்ணும் அடிச்சட்ட எண்ணும் வண்டியில் பொறித்த எண்களுடன் எழுத்துக்கெழுத்து ஒத்திருத்தல் வேண்டும். வேளாண் டிராக்டருக்குப் பதிவு பதினைந்து ஆண்டுக்குச் செல்லும். பின்னர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். புதுப்பிக்காமல் கிடந்த வண்டியாயின் அச்செலவு யாருடையது என்பதை முதலிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளல் நலம். முன்னவர் வங்கிக் கடனில் வாங்கியிருந்து அக்கடன் குறிப்பு நீக்கப்படாதிருந்தால், பணம் கொடுத்தவர் கையில் வண்டி இருக்கும். உரிமை முழுமையாக இராது. வங்கியின் சான்றும் படிவம் 35-உம் பெற்றே அதனை நீக்கவேண்டும். உரிமை மாற்றத்திற்குப் படிவம் 29, படிவம் 30 ஆகியவற்றில் கையொப்பம் வாங்கி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அளித்தல் வேண்டும். டிரெய்லர் உடன் வந்தால் அதற்கும் தனிப் பதிவு உண்டா எனக் கேட்டறிதல் வேண்டும்.

வாங்கிய வண்டி முதலில் இறங்குவது பெரும்பாலும் செம்மண் கொல்லையிலாகும். கோடை மழை ஒன்று பெய்தவுடன் ஒன்பது கொழுக் கலப்பை மாட்டினால் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஓர் ஏக்கர் உழலாம். ஒரு சோடி மாடு ஒரு நாளில் அரை ஏக்கர் உழுதாலே பெரிது. செம்மண்ணின் குற்றம் அதன் புழுதி. பழைய டிராக்டர்களில் காற்று வடிகட்டியின் அடியில் எண்ணெய்க் கிண்ணம் ஒன்று இருக்கும். உள்ளிழுக்கும் காற்று அவ்வெண்ணெயில் பட்டு, புழுதியை அங்கே விட்டுச் செல்லும். நாள்தோறும் கிண்ணத்தைக் கழற்றி, அடியில் குழம்பாகத் தங்கிய மண்ணை அகற்றி, புது எண்ணெய் ஊற்றுவோரின் எஞ்சின் நெடுநாள் வாழும். கிண்ணத்தை மறந்தால், அரைத்த செங்கல் போன்ற அப்புழுதி உட்புகுந்து பிஸ்டன் வளையங்களைத் தேய்க்கும். மேலே சொன்ன நீலப்புகை பெரும்பாலும் இவ்வாறு வந்ததே.

ஏரிக்கீழ் வயலில் வேலை வேறு. சேடை ஓட்டுவதற்கு டயருக்குப் பக்கத்திலோ டயருக்கு மாற்றாகவோ கேஜ் வீல் என்னும் இரும்புக் கூண்டுச் சக்கரம் பூட்டப்படும். அது சேற்றை மிதித்துக் கலக்குவதுடன் வண்டி அமிழாமலும் காக்கும். அதனுடன் தார்ச்சாலையில் ஓட்டுதல் கூடாது, சாலை சிதையும். ஆண்டாண்டாகச் சேடை ஓட்டிய வயலில், சேற்றின் அடியில் இறுகிய தட்டு ஒன்று உருவாகியிருக்கும். வண்டியைத் தாங்குவது அதுவே. ஏரி வண்டலை அண்மையில் கொட்டிய இடத்திலும், பழைய கிணறு தூர்ந்த இடத்திலும் அத்தட்டு இராது. முன்னரே கோல் ஊன்றிப் பார்த்து இறங்கும் ஓட்டுநர் அமிழ்வதில்லை. இவ்வகையில் எடை குறைந்த சிறு டிராக்டருக்குப் பெரிய வண்டியினும் நன்மை மிகுதி.

அவ்வாறின்றி அமிழ்ந்துவிட்டால், அப்பொழுதே உயிர்க்கு ஊறு நேரும் வேளை வருகிறது. பின்சக்கரங்களின் முன்னே ஒரு கட்டையை வைத்து, சக்கரத்தோடு சேர்த்துக் கட்டி, அதன்மேல் ஏறிவரச் செய்வோர் உண்டு. கட்டை சேற்றில் அழுந்தி நின்றுவிட்டால் சக்கரம் சுழல முடியாது. சக்கரம் சுழலாவிட்டால் உடல் சுழலும். முன்பு பாறையில் மாட்டிய கலப்பை செய்த அதே கேட்டை இக்கட்டை செய்துவிடும். வண்டி எழுந்து கவிழ இரண்டு நொடி போதும். குதித்துத் தப்ப அந்நேரம் போதாது. கலப்பையைக் கழற்றிவிட்டு, சக்கரத்தின் பின்புறச் சேற்றை மண்வெட்டியால் அகற்றி, பின்னோக்கி மெல்ல எடுப்பதே வழி. அதுவும் இயலாதாயின் மற்றொரு டிராக்டரை அழைக்கவேண்டும்.

சுவீடன் நாடு 1959-இல், புதிய டிராக்டர்களில் ஓட்டுநரின் தலைக்கு மேல் இரும்புச் சட்டம் கட்டாயம் இருத்தல் வேண்டும் என விதித்தது. கவிழ்ந்து இறப்போர் தொகை அங்கே பெரிதும் குறைந்தது. இந்நாட்டுப் பழைய டிராக்டர்களில் பெரும்பாலானவற்றில் அச்சட்டம் இல்லை. சக்கர மூடியின்மேல் அமர்ந்து செல்லுதல் சிறுவர்க்கு இன்பமாகத் தோன்றும். வரப்பில் ஒரு சக்கரம் ஏறி இறங்கும்பொழுது, அங்கு அமர்ந்தவர் விழுவது பின்சக்கரத்தின் முன்னேதான். டிராக்டரில் ஓட்டுநர்க்கு மட்டுமே இருக்கை உண்டு.

பின்புறத்தே மற்றோர் உறுப்பும் உள்ளது. பி.டி.ஓ. என்று வழங்கும் சுழல்தண்டு அது. ரோட்டவேட்டரையும் நீர் இறைக்கும் பம்பையும் இத்தண்டே இயக்குகிறது. நிமிடத்திற்கு 540 சுற்று, அஃதாவது நொடிக்கு ஒன்பது சுற்று. வேட்டியின் நுனியோ சேலையின் தலைப்போ அதில் பட்டால், கையை உயர்த்துவதற்குள் ஆடை முழுவதும் சுற்றிக்கொள்ளும், ஆளையும் இழுக்கும். அதன்மேல் மூடி ஒன்று இருந்தது. பழைய வண்டி பலவற்றில் அது காணாமற் போயிருக்கும். வாங்கியவர் செய்யவேண்டிய முதற் செலவு அம்மூடியே. டயருக்கும் வண்ணத்திற்கும் அடுத்த இடம் கொடுக்கலாம்.

கடற்கரையில் டிராக்டருக்குப் புதுத் தொழில் ஒன்று வாய்த்துள்ளது. மீனவர் தம் ஃபைபர் படகுகளை மணலில் இழுத்து மேலேற்ற அதனைப் பயன்படுத்துகின்றனர். புயல் வருகிறது என்றால் இவ்வேலை விரைவில் முடிதல் வேண்டும். 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டியே கரை கடந்தது. அத்தகைய நாட்களில் கரையில் கிடக்கும் ஒவ்வொரு படகும் ஒரு குடும்பத்தின் சோறு. ஆயினும் அவசரத்தில் கயிற்றை எங்குக் கட்டுவது என்பதை மறக்கலாகாது. மேல் தண்டு மாட்டும் இடம் உயரமாகவும் கைக்கு எளிதாகவும் இருப்பதால் அங்கே கட்டிவிடத் தோன்றும். பின்னச்சுக்கு மேலே கட்டிய கயிறு படகை இழுக்காது. மணலில் புதைந்த படகு டிராக்டரைத்தான் பின்னோக்கிக் கவிழ்க்கும். அச்சுக்குத் தாழ்ந்த இழுவைச் சட்டத்திலேயே கட்டவேண்டும். சிறிய கியரில், கிளட்சை மெல்ல விட்டு, கயிறு இறுகியபின் இழுத்தல் முறை. கயிறு அறுந்தால் சாட்டை போல வீசும். ஆதலின் அதன் நேரே எவரும் நிற்றலாகாது.

உப்புநீர் டிராக்டருக்குப் பகை. அலை தொட்ட வண்டியை அன்றிரவே நன்னீரால் கழுவவேண்டும். மறுநாள் எனத் தள்ளிப்போட்டால் பிரேக் டிரம்மிலும் சக்கர வளையத்திலும் துரு ஏறத் தொடங்கிவிடும். கழுவியபின் கிரீஸ் முனைகள் ஒவ்வொன்றிலும் பழைய கிரீஸ் வெளிவரும் வரை புதியதை அழுத்தவேண்டும். உள்ளே புகுந்த உப்பு அதனுடன் வெளியேறும். பின்னச்சின் எண்ணெயையும் ஒருமுறை திறந்து நோக்குவர், வெளுத்திருந்தால் மாற்றுவர்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிச் சம்பா வயலில் பயிர் நிற்கும் நாட்களில் டிராக்டருக்கு வேலை குறைவு. அப்பொழுது டீசல் தொட்டியை நிரப்பியே வைத்தல் நலம். காலியிடத்தில் ஈரக்காற்று குளிர்ந்து நீராகித் தொட்டியின் அடியில் தங்குவதை அது தடுக்கும். புகைபோக்கியின் வாயில் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து வைப்பர். மழைநீர் அதன் வழியே எஞ்சினுள் இறங்கினால், வாங்கும்போது பார்த்த பார்வை அனைத்தும் வீணாகும். கலப்பையைத் தூக்கிய நிலையில் விடாமல் தரையில் இறக்கி வைத்து, சாவியை எடுத்துக்கொண்டு வீட்டிற்குச் செல்வர்.